ஆறடிக் கட்டிலும் பத்தடி அறையும்

மரச்சாமான் கடையின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதை எழுதுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை. முதலாளி முதல் லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவள் டேப் அக்கா.

பதினாறு வருஷத்துக்கு முன்பு பில் போடுகிற வேலைக்குத்தான் வந்தாள். அப்போதெல்லாம் கடையில் வீட்டுக்குப் போய் அளவு பார்க்கிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவர் கையை விரித்து, "இவ்வளவு இடம் இருக்குங்க" என்பார். கடைக்காரரும் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். ஒருநாள் புதிதாய்க் கல்யாணமான ஜோடி ஒன்று உயரமான அலமாரி வாங்கிப் போனது. அறை உயரம் எட்டடி, அலமாரி ஏழே முக்கால். தாராளம் என்று நினைத்தார்கள். படுக்கவைத்து அறைக்குள் கொண்டுபோனதெல்லாம் சரி, நிமிர்த்தும்போது அதன் மூலை கூரையில் முட்டிக்கொண்டது. நான்கு நாள் அந்த ஜோடி படுத்துக்கிடந்த அலமாரியைத் தாண்டித் தாண்டி நடந்தது. முதலாளி ஆள் ஆளாய்க் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தபோது, பில் மேஜையில் இருந்த இவள் ஒரு பென்சில் டப்பாவை எடுத்தாள். அதன் மேல் உள்ளங்கையைக் கூரை மாதிரி பிடித்து, டப்பாவைச் சாய்த்து நிமிர்த்திக் காட்டினாள். "நிக்கும்போது இருக்கற உயரம் வேற சார். எழுந்திரிக்கும்போது இருக்கற உயரம் வேற."

முதலாளி திட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மறுநாளிலிருந்து பில் மேஜை வேறொருத்திக்குப் போயிற்று.

அவள் வேலை செய்கிற விதம் தனி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்கார மாட்டாள். வாசற்கதவைத் திறந்து, மூடி, தாழ்ப்பாள் எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று மேலும் கீழும் பார்ப்பாள். அறைக்கு வந்ததும் பையிலிருந்து பழைய செய்தித்தாள்களை எடுத்து, வாங்கப்போகிற சாமானின் அளவுக்குத் தரையில் பரப்பி ஒட்டுவாள். பிறகு வீட்டில் இருப்பவரைப் பார்த்து, "காகிதத்தை மிதிக்காம உங்க வேலையெல்லாம் செஞ்சு காட்டுங்க" என்பாள். ஜன்னலைத் திறக்கச் சொல்வாள். துணி மடிக்கச் சொல்வாள். ஒரு வீட்டில் பெரிய சாப்பாட்டு மேஜை கேட்ட ஒருவர், காகிதத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல நாலு பேரும் நாலு நேரத்துல சாப்பிடறோம். எதுக்குங்க எட்டு நாற்காலி?" என்று அவளிடமே கேட்டார்.

எல்லாம் முடிந்தபின் கடையின் சீட்டை எடுப்பாள். அதில் இரண்டு கட்டங்கள். பொருந்தும், பொருந்தாது. கீழே குறிப்பு எழுத ஒரு வரி, அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழாமல் பெரிய சாமான் எதுவும் கடையைவிட்டு நகராது.

பொருந்தும் என்று அவள் சீக்கிரம் எழுதிவிடுவாள். பொருந்தாது என்று எழுதத்தான் நேரம் எடுத்துக்கொள்வாள். அதற்குக் காரணம் ஒன்று இருந்தது. அதைக் கடையில் யாரிடமும் அவள் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கடைக்கு ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. நேராக ஒரு கட்டிலின் முன்னால் போய் நின்றார்கள். ஆறடி அகலக் கட்டில் அது. பாதிப் படுக்கை சாதாரணம். மற்ற பாதி மட்டும், பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல எழும்பும். நோயாளிக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் படுக்கிற மாதிரி செய்தது.

மகள்தான் முதலில் பேசினாள். "அக்கா, எங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் வரல. இந்தக் கட்டில் எங்கப்பா ரூம்ல போகுமா, போட்டா வீல்சேர் உள்ள போய் வர வழி இருக்குமான்னு நீங்க பார்த்துச் சொல்லிடுங்க. அவர் சொல்றத நான் கேட்கப் போறதில்ல."

"முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான்" என்றார் டிரைவர். "ரெண்டு பக்கமும் கடையா இருக்கற தெருவுல, ஒரு கண்ணாடி உரசினதில்ல. எனக்குக் கட்டில் அளவு தெரியாதா?"

"பஸ்ஸுக்குப் பின்னாடி கண்டக்டர் நின்னு வரலாம் வரலாம்னு சொன்னாரு. இங்க யாருப்பா சொல்றது?"

"அதான் நானே மூணு தடவ அளந்துட்டேனே." சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்து டேப் அக்காவிடம் நீட்டினார். பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அறை அகலம் பத்தடி. கட்டில் ஆறு. தையல் மிஷின் ஒன்றரை. மீதி வழி இரண்டரை அடி. இரண்டரை அடிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

டிரைவர் வெளியே தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மகள் மெதுவாகச் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் அப்பாவோடுதான் இருந்தாள். ஒருநாள் விடியும்போது அம்மாவுக்குப் புரையேறி மூச்சு முட்டியிருக்கிறது. கூப்பிடக் குரல் எழும்பவில்லை. அப்பா கீழே பாயில் படுத்திருந்தார். விழித்துவிட்டார், ஆனால் முழங்கால் வலியில் எழுந்து நிற்கவே முடியவில்லை. தவழ்ந்து போய்த்தான் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். அன்று மத்தியானமே மகள் அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். இரண்டு மாதம் ஆகிறது.

"என் வீட்ல நான் அம்மா பக்கத்துலயே படுத்துக்கறேன். அப்பாவையும் வச்சுக்க ஆசைதான். என் வீடும் தீப்பெட்டி. தம்பி வேற ஊர்ல இருக்கான், அப்பாவ அவன் கூப்பிட்டுக்கறேங்கறான். மாசக் கடைசிக்குள்ள அப்பா வீட்டு ஓனருக்குப் பதில் சொல்லணும். இந்தக் கட்டில் போகும்னா அம்மாவ அனுப்பறேன். போகாதுன்னா வீட்டக் காலி பண்ணிட வேண்டியதுதான். அம்மா என்கிட்ட, அப்பா தம்பிகிட்ட." அவள் கட்டிலின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இறக்கினாள். "அவங்க கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம் அக்கா. பிரிக்கறேன்னு நினைச்சுக்காதீங்க."

டேப் அக்கா ஒன்றும் நினைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டிரைவரின் வீடு தரைத்தளத்தில் இருந்தது. கதவு, தாழ்ப்பாள், ஹாலிலிருந்து அறைக்குத் திரும்புகிற மூலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டிலைப் பகுதி பகுதியாகக் கழற்றித்தான் கொண்டுவருவார்கள் என்பதால் அதிலெல்லாம் சிக்கல் இல்லை. அறை நீளமாய், சுத்தமாய் இருந்தது. கோடியில் குளியலறைக் கதவு. அதன் அகலம் இருபத்தெட்டு அங்குலம். ஒரு சுவரோரமாகத் தையல் மிஷின், மேலே பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. அந்த அம்மா வீட்டிலேயே தைத்துக் கொடுத்தவள் என்று மகள் சொன்னாள். கட்டில் எதிர்ச்சுவரோரம் வரும். கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவில்தான் வீல்சேர் குளியலறைக்குப் போகவேண்டும்.

டேப் அக்கா இரும்பு டேப்பை இழுத்தாள். சுவரிலிருந்து சுவர். படித்தாள். விட்டுவிட்டு இன்னோர் இடத்தில் இழுத்தாள். பிறகு தரையோரமாக, மறுபடி இடுப்புயரத்தில்.

"ஐயா, ஒன்பதரை அடிதான் இருக்கு."

"பத்து" என்றார் டிரைவர்.

"நீங்களே வந்து பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "உங்க டேப்புல ஏதோ தப்பு இருக்கு."

"இருந்தா பதினாறு வருஷமா என்னை வச்சிருக்க மாட்டாங்க ஐயா. நீங்க எத வச்சு அளந்தீங்க?"

"டேப்ப வச்சுத்தான். கையால முழமா போட்டேன்?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டிலுக்கு ஆறடியில் காகிதம் பரப்பினாள். காகிதத்தின் ஓரத்துக்கும் மிஷினுக்கும் நடுவே டேப்பை வைத்தாள். இருபத்துநாலு அங்குலம். பத்தடியாக இருந்திருந்தால் முப்பது வந்திருக்கும். முப்பதில் வீல்சேர் சுகமாய்ப் போகும். இருபத்துநாலில் நடக்கிற மனுஷர்தான் போகலாம்.

மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. "ஏம்ப்பா பொய் சொன்ன?"

"நான் பொய் சொல்லல."

"மூணு தடவ அளந்தேன்னு சொன்னியே. மூணு தடவையுமா ஆறு இன்ச் கூட வரும்? அம்மாவ எப்படியாவது இங்க கொண்டுவந்துட்டா அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சியா? வழியில சேர் மாட்டிக்கிட்டு அவங்க நடுவுல உட்கார்ந்திருந்தா என்ன பண்ணுவ?"

டிரைவர் மிஷினின் மேல் போர்த்திய துணியை நேராக இழுத்துவிட்டார். ஏற்கெனவே அது நேராகத்தான் இருந்தது.

"இந்த மிஷின ஹாலுக்கு மாத்திட்டா வழி தாராளமா கிடைக்கும் ஐயா" என்றாள் டேப் அக்கா. "சரியா மூணரை அடி வரும்."

"அது மட்டும் நடக்காது."

"ஏன்ப்பா?" என்றாள் மகள்.

"அது உங்கம்மா மிஷின். அவ போகும்போது எங்க இருந்துச்சோ, வரும்போது அங்கதான் இருக்கணும். வந்ததும் மிஷின ஓரங்கட்டிட்டாங்கன்னு பார்த்தா, தான் முடிஞ்சு போயிட்டதா நினைச்சுக்குவா. கட்டில் வேண்டாம், நான் நின்னுக்கிட்டே தூங்கறேன். மிஷின நகர்த்த மாட்டேன்."

மகள் டேப் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, எழுதிவிடுங்கள் என்று பொருள். சீட்டு கையில் இருந்தது. பேனாவும் இருந்தது. எழுதவேண்டிய கட்டம் எது என்பதிலும் சந்தேகம் இல்லை.

ஆனால் அவள் கை எழுதவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது டேப் அக்காவின் அம்மா, இடுப்பெலும்பு முறிந்து மகன் வீட்டில் கிடந்தாள். ஒருநாள் போன் செய்தாள். "உன்கூட கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமாம்மா?" டேப் அக்கா தனி ஆள். ஒற்றை அறையில் குடியிருந்தாள், இன்றும் அங்கேதான். சுற்றிலும் பார்க்கக்கூட இல்லை. "இங்க எங்கம்மா இடம்? நானே கைகால் நீட்ட முடியல" என்று சொல்லிவிட்டாள். "சரிம்மா, சும்மாதான் கேட்டேன்" என்றாள் அம்மா. ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, டேப் அக்கா தன் அறையில் செய்தித்தாளை விரித்து ஒட்டினாள். ஆறரை அடிக்கு மூன்றடி. ஒற்றைக் கட்டில் அளவு. கட்டிலைப் போட்ட பிறகும் நடக்க இரண்டே முக்கால் அடி வழி இருந்தது. ஊரார் வீட்டையெல்லாம் டேப்பால் அளந்தவள், தன் அறையை மட்டும் வாயால் அளந்திருந்தாள். அன்று பொழுது சாயும்வரை அந்தக் காகிதத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேலே உட்கார மனம் வரவில்லை.

"இன்னும் ஒரு அளவு பாக்கி இருக்கு" என்றாள் இப்போது, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு. "வீல்சேர நான் பார்க்கல. அதுலயும் ஒல்லியா இருக்கறது உண்டு. இருபத்திரண்டு இன்ச்சுலகூட வருது. சேர அளக்காம நான் எழுத முடியாது."

"எல்லாம் ஒரே மாதிரிதான் அக்கா இருக்கும்."

"இருக்கலாம்மா. அளந்துட்டே எழுதறேன்."

மூன்று பேரும் மகளின் வீட்டுக்குப் போனார்கள். மூன்று தெரு தள்ளி, இரண்டாவது மாடி. லிப்ட் இருந்தது. அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் போனார்கள். டேப் அக்கா நடுவில் நடந்தாள்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் வீல்சேரில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, வாரிக் கட்டிய நரைமுடி. இடது கை மடியில் கிடந்தது. முகம் ஒரு பக்கம் லேசாய் இறங்கியிருந்தாலும், கண் இரண்டும் ஆளை மேலிருந்து கீழ்வரை ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டன. தையல்காரியின் கண்.

"ரவிக்கை தோள் இறங்குது உங்களுக்கு" என்றாள் டேப் அக்காவிடம். வார்த்தைகள் நிதானமாய், நடுநடுவே காற்றோடு வந்தன. "யாரு தச்சது?"

"ரெடிமேட்மா."

"அதானே பார்த்தேன்."

டேப் அக்கா சிரித்துக்கொண்டே குனிந்தாள். சக்கரத்தின் ஒரு வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை டேப்பை வைத்தாள். இருபத்தாறு அங்குலம். மறுபடி வைத்தாள். இருபத்தாறேதான். அவள் நிமிரத் தாமதித்தாள். நிமிர்ந்தால் சொல்லவேண்டும்.

"எவ்வளவு?" என்றார் வாசலிலேயே நின்ற டிரைவர்.

"இருபத்தாறு ஐயா."

மகள் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்து டேப் அக்காவிடம் கொடுத்தாள். அந்த அம்மாவே கேட்டாள். "என்ன, எல்லாரும் பரீட்சையில பெயிலான மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மகள். "அப்பா ரூம் பத்தடின்னு சொன்னாரு. ஒன்பதரைதான் இருக்கு. கட்டில் போட்டா சேர் போகாது. அவருக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சே..."

"தெரியாது" என்றார் டிரைவர் அங்கிருந்தே. "மூணு தடவ அளந்தேன். முழு டேப்பு ஒண்ணு, முழு டேப்பு இன்னொண்ணு. சரியா ரெண்டு. அறுபதும் அறுபதும் நூத்தியிருபது. பத்தடி. எனக்கு வேற கணக்குத் தெரியாது."

அந்த அம்மா அவரைப் பார்த்தாள். "எந்த டேப்பு?"

"உன் டேப்புதான். மிஷின் டிராயர்ல இருந்துச்சே."

அவள் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. பிறகு தோள் குலுங்கியது. மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் ஓடினாள். புரையேறிவிட்டது என்று நினைத்தாள். அது சிரிப்பு. இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு.

"அட என் டிரைவரே" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "அந்த டேப்புல முன்னாடி மூணு இன்ச் கிடையாதுய்யா. பித்தளை முனை கழண்டு, நூல் நூலா பிரிஞ்சு, நான்தான் மூணோட வெட்டிட்டேன். இவ ஸ்கூல் போகும்போது வெட்டினது. நீ முனையைப் பார்க்காம வாலை மட்டும் பார்த்திருக்க."

"அப்ப நீ எப்படி தச்ச?"

"மூணு கழிச்சுத்தான். டேப்பு முப்பத்தொன்பது காட்டினா முப்பத்தாறு. கை பழகிடுச்சு. புதுசு வாங்கினா இன்னும் மூணு கழிச்சு ஊருக்கெல்லாம் இறுக்கமா தச்சிருப்பேன்."

டேப் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். ஐம்பத்தேழும் ஐம்பத்தேழும் நூற்றுப்பதினாலு. ஒன்பதரை அடி, ஒரு நூல் பிசகாமல். "ஐயா சரியாத்தாம்மா அளந்திருக்காரு" என்றாள் மகளிடம். "ஒரு தடவைக்கு மூணு, ரெண்டு தடவைக்கு ஆறு. எந்த டேப்புன்னு நான்தான் கேட்டிருக்கணும். தப்பு என் மேல."

மகள் தலை குனிந்திருந்தது. நிமிராமலே, "உள்ள வந்து உட்காருப்பா. ஏன் வாசல்லயே நிக்கற" என்றாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். "சரியா அளந்து என்ன பிரயோஜனம்? சேர் போகாதே."

"எத்தனை இன்ச்சு இடிக்குது?" என்றாள் அவர் மனைவி.

"ரெண்டு இன்ச் அம்மா" என்றாள் டேப் அக்கா. "உரசாம போகணும்னா நாலு அஞ்சு வேணும்."

"எது இடிக்குது?"

டிரைவர் டேப் அக்காவைப் பார்த்துத் தலையை இலேசாக ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். டேப் அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் வேலை சமரசம் செய்வதல்ல. அளவு சொல்வது.

"உங்க மிஷின் அம்மா."

"அதத் தூக்கி வெளிய போட வேண்டியதுதானே?"

"நகர்த்தக் கூடாதுன்னுட்டாரு. நீங்க வரும்போது பழைய இடத்துலயே இருக்கணுமாம்."

அந்த அம்மா புருஷனைத் திரும்பிப் பார்க்க நேரமாயிற்று. கழுத்து மெதுவாகத்தான் திரும்பும். திரும்பியபின் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள். "ரெண்டு மாசமா இவ ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், போன்ல ஒரு பக்கம் என் புள்ள. அம்மாவ எங்க வைக்கலாம், அம்மாவுக்கு எது ஒத்துக்கும். கைதான் போச்சு, காது நல்லாத்தான் கேட்குது. அந்த மூலையில வெளிச்சமே வராது. முப்பது வருஷம் அந்த இருட்டுல ஊசில நூல் கோத்தேன். ஹால்ல ஜன்னல் பக்கம் போடணும்னு எத்தனை தடவ கேட்டேன், ஞாபகம் இருக்கா? டிவி மறைக்கும்னு சொன்ன."

டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஹால்ல போடு. ஜன்னலப் பார்த்து. கால்தான் மிதிக்க வராது. வலது கை இருக்குல்ல, சக்கரத்தைச் சுத்திக்கிட்டாவது ரெண்டு நேர்த் தையல் போடறேன். இந்தப் பொண்ணோட ரவிக்கைத் தோளைப் பிரிச்சுத் தச்சுக் கொடுக்கறேன். இல்லாட்டி சும்மா பார்த்துக்கிட்டாவது உட்கார்ந்திருப்பேன்."

"நீ மனசு உடைஞ்சிடுவியோன்னுதான்..." என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அன்று அதில் தூசியே இருந்திருக்காது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடையில் அளவு பார்க்கிற நாளில்லை, இருந்தும் டேப் அக்கா வந்துவிட்டாள். மிஷின் ஹால் ஜன்னலுக்கு மாறியிருந்தது. இடத்துக்காக டிவி ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. அறையில் காகிதம் நேற்று ஒட்டியபடியே கிடந்தது. மகள் அம்மாவைச் சேரோடு தள்ளிக்கொண்டு வந்தாள். வாசல், ஹால், மூலைத் திருப்பம், அறை. டேப் அக்கா எதையும் தொடாமல் ஓரமாய் நின்று பார்த்தாள். சேர் காகிதத்தின் பக்கமாகப் போய், குளியலறைக் கதவுக்குள் நுழைந்து, பின்பக்கமாகவே வெளியே வந்தது. இரண்டு பக்கமும் எதிலும் உரசவில்லை.

டிரைவர் பின்னால் நடந்துகொண்டே, "வரலாம், வரலாம், ரைட்டு" என்றார்.

"பெரிய கண்டக்டர்" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருந்தாலும் தினமும் காலையில வந்து பார்த்துட்டுத்தான் ஸ்கூல் போவேன்" என்றாள்.

"இன்னும் ஒண்ணு முடிவு பண்ணணும்" என்றாள் டேப் அக்கா. "தூக்கற பாதி எந்தப் பக்கம் வரணும்? சுவர்ப் பக்கமா, வழிப் பக்கமா? மாட்டினப்புறம் மாத்த முடியாது."

"இவளை வழிப் பக்கம்தான் படுக்கவைக்கணும்" என்றாள் மகள் யோசித்து, தன்னையறியாமல் அம்மாவைக் குழந்தைபோலச் சொன்னபடி. "ஆஸ்பத்திரில சொன்னாங்க. நல்ல கை இருக்கற பக்கமா இறங்கினாத்தான் சேருக்கு மாத்தறது சுலபம். அப்ப வலது கை வழிப் பக்கம். அப்பா சுவர்ப் பக்கம்."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காகிதத்தின் மேல் போய் நின்றார். சுவர்ப் பக்கப் பாதியில். பார்த்துவிட்டு, "அப்ப நான் இவளோட இடது பக்கம்ல வரேன்" என்றார். "அந்தக் கைக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. நான் பக்கத்துல இருக்கறதே இவளுக்குத் தெரியாதே." அவர் குரலில் இருந்தது புகார் இல்லை. அளந்து முடித்தபின் ஓர் அங்குலம் குறைகிறது என்று கண்ட மனிதரின் குரல்.

அந்த அம்மா மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். வலது கையால் அதைத் தூக்கி, கைப்பிடியின் மேல் வைத்தாள். அது இன்னொருவருடைய சாமான் மாதிரி அங்கே இருந்தது.

"ராத்திரியில முழிச்சா இந்தக் கை எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியறதில்ல" என்றாள் மெல்ல. "முதுகுக்குக் கீழ மாட்டிக்கிட்டிருக்கும். காலையில இவ எழுந்து எடுத்துவிட்டாத்தான் தெரியும். பயமா இருக்கும். சொன்னதில்ல." புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அந்தப் பக்கம் படுத்து அதைப் பிடிச்சுக்க. அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பத்திரமா ஒருத்தர்கிட்ட இருக்குன்னு."

மகள் ஹாலுக்குப் போய்விட்டாள். ஜன்னல் கொக்கியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. டிரைவர் காகிதத்தைவிட்டு இறங்கவில்லை.

டேப் அக்கா பையிலிருந்து சீட்டை எடுத்தாள். சுவரில் வைத்து, பொருந்தும் என்ற கட்டத்தில் குறியிட்டாள். குறிப்பு எழுதுகிற வரியில், "தூக்கும் பாதி வழிப் பக்கம். துணைக்கு வருபவர் சுவர்ப் பக்கம்" என்று எழுதினாள். எழுதியதை ஒருதரம் படித்துப் பார்த்து, துணைக்கு வருபவர் என்பதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் வீட்டுக்காரர் என்று திருத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.